வலி வரும் முன்னே கேளுங்கள்!

போன மாதம் என் தங்கைக்கு வளைகாப்பு. ஐந்து வகை சாதம், கை நிறைய வளையல். தெருவே வந்து சந்தனம் பூசிவிட்டுப் போனது. ராத்திரி பாத்திரம் கழுவிக் கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவள், "அக்கா, லேபர் வார்டுல என்னதான் பண்ணுவாங்க? தாங்க முடியாத அளவுக்கு வலிக்குமா?" என்று கேட்டாள். மசக்கைக்கு மாங்காய், ஏழாம் மாதம் பட்டுப்புடவை என்று ஓடி ஓடிச் செய்த நாங்கள் யாருமே அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2011ல் எனக்குத் தலைப்பிரசவம். ஊரில் பேர் வாங்கிய ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இடுப்பு வலி எடுத்ததும் அம்மா சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சூட்டு வலியாக இருந்தால் அடங்கிவிடும் என்பது அவர் கணக்கு. அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டு, என்னை மட்டும் உள்ளே கொண்டுபோய் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். கையில் குளுக்கோஸ் ஏறியது. கொஞ்ச நேரத்தில் வலி மூச்சுவிட இடமில்லாமல் அடுத்தடுத்து வந்தது. அதில் வலியைத் தூண்டும் மருந்து கலந்திருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கத்தினேன். அதற்கு ஒரு ஆயா சொன்ன வார்த்தையை இந்தப் பக்கத்தில் எழுத முடியாது. பிள்ளை பெற்ற பலருக்கும் அது என்ன வார்த்தை என்று தெரிந்திருக்கும்.

மறுநாள் பாத்ரூம் போனபோது சுரீரென்று எரிந்தது. நர்ஸிடம் கேட்டேன். "தையல் போட்டிருக்கும்மா, எரியத்தான் செய்யும்" என்றார். என் உடம்பை வெட்டித் தையல் போட்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்! பார்க்க வந்தவர்கள் எல்லாம் "சுகப்பிரசவமாமே" என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனார்கள்.

2016ல் இரண்டாவது உண்டானபோது, இந்த முறை வாயை மூடிக்கொண்டு போய்ப் படுப்பதில்லை என்று முடிவு செய்தேன். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், தோன்றுகிற கேள்வியை எல்லாம் எழுதி வைத்தேன். செக்கப் போகும்போதெல்லாம் எங்கள் பகுதி கிராம சுகாதார நர்ஸிடம் இரண்டு கேள்வியாவது கேட்டுவிடுவேன். முதலில் "இதெல்லாம் உனக்கெதுக்கும்மா?" என்றவர், போகப் போக உட்கார வைத்தே சொல்லிக் கொடுத்தார். நல்ல மனுஷி.

அவர் சொன்ன முதல் விஷயமே எனக்குப் பெரிய தைரியம். பிரசவ வலி ஒரேயடியாக இருக்காதாம். அலை மாதிரி ஏறி, ஒரு நிமிடம் போல நின்று, இறங்கிவிடும். அடுத்த அலை வரும்வரை கிடைக்கிற இடைவெளிதான் நமக்குச் சொத்து. நாமோ அந்த நேரத்திலும் அடுத்த வலியை நினைத்து உடம்பை விறைத்துக்கொண்டு கிடக்கிறோம். தோளையும் தாடையையும் தளர விட்டு, மூச்சை அடக்காமல், விளக்கை ஊதி அணைக்கிற மாதிரி வாயால் மெதுவாக ஊதி விடவேண்டும். அலை ஏறும்போது துணைக்கு இருப்பவர் உள்ளங்கை அடியால் இடுப்புக்குப் பின்னால் அழுத்திப் பிடித்தால் எவ்வளவு சுகம் என்பது அனுபவித்தால்தான் தெரியும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை நடக்கலாம், உட்காரலாம், சுவரைப் பிடித்து நிற்கலாம். படுத்தால் இடது பக்கம். மல்லாக்கப் படுத்தால் கர்ப்பப்பையின் கனம் பெரிய ரத்தக் குழாயை அழுத்துமாம்.

அம்மாவின் கஷாயத்தைப் பற்றியும் கேட்டேன். குடித்துப் பார்ப்பதில் தப்பில்லை என்றார். பொய் வலி விட்டுவிட்டு வந்து தானே அடங்கும், நிஜ வலி நேரம் வைத்தாற்போல வந்து கூடிக்கொண்டே போகும். ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காதே, 108ஐக் கூப்பிட்டுக் கிளம்பு என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அம்மா என்னோடு உள்ளே இருந்தார். இந்த முறையும் வலிக்காமல் இல்லை, உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் பயம் பாதியாகி இருந்தது.

ஏழெட்டு மணி நேரம் கழித்துப் பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் பச்சையாக வந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது, இதயத் துடிப்பும் இறங்குகிறது, ஆபரேஷன் செய்யவேண்டி வரும் என்றார் டாக்டரம்மா. நோட்டில் எழுதி மனப்பாடமாகி இருந்த மூன்று கேள்விகளைக் கேட்டேன். ஏன் செய்யணும்? கொஞ்சம் பொறுத்துப் பார்க்க முடியுமா? பொறுத்தால் என்ன ஆகும்? அவர் கோபிக்கவில்லை. "திருப்பிப் படுக்க வச்சுப் பார்த்துட்டோம், துடிப்பு ஏறலை. இன்னும் காத்திருந்தா குழந்தைக்கு ஆபத்து" என்றார். இரண்டே நிமிடம்தான். படிவத்தைப் படித்துக் காட்டச் சொல்லி, நானே கையெழுத்துப் போட்டேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போனாலும் நினைவு இருந்தது. மகள் அழுத முதல் சத்தத்தைக் காதால் கேட்டேன்.

ஆபரேஷன் என்றால் வலியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரப்பு விட்டதும் வருகிற வலி தனி ரகம். இருமும்போது வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதோடு என் நாத்தனார் வேறு, "வலி தாங்காம வயித்தைக் கிழிச்சுக்கிட்டா" என்று ஊரெல்லாம் சொன்னார். சொல்லட்டும். சுகப்பிரசவம் என்று பேர் வாங்கிய முதல் பிரசவத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஆபரேஷனை நினைத்தால் அப்படி இல்லை. அங்கே என்னைக் கேட்டார்கள்.

அதற்காக எல்லா ஆபரேஷனும் அவசியம் என்று நான் சொல்ல வரவில்லை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 45 பிரசவம் ஆபரேஷன்தான். தனியார் ஆஸ்பத்திரிகளில் 64! இத்தனை பேருக்குமா குழந்தையின் துடிப்பு இறங்கியிருக்கும்? நல்ல நட்சத்திரம் பார்த்து, ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு அறுத்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். தக்க காரணம் இல்லாமல் 39 வாரம் முடியும் முன்னே எடுத்தால் குழந்தை மூச்சுக்குத் திணற வாய்ப்பு அதிகம் என்று ஜோசியருக்குத் தெரியுமா என்ன?

தங்கை பார்ப்பது தனியார் ஆஸ்பத்திரி. வலி தெரியாமல் இருக்க முதுகில் ஊசி போடும் வசதி அங்கே இருக்கிறது. அவள் மாமியார், "ஆயுசுக்கும் முதுகு வலி வரும்" என்று பயமுறுத்தி வைத்திருந்தார். போன வாரம் நான் கூடப் போய்க் கேட்டேன். நீடித்த முதுகுவலிக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தம் இல்லையாம். ஆபரேஷனில் கொண்டுபோய் விடும் என்பதும் இல்லையாம். முக்கிப் பெறும் நேரம் கொஞ்சம் நீளலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம், சிலருக்குச் சில நாள் தலைவலி வரலாம் என்றார் டாக்டர். போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். வலியைத் தாங்கினால்தான் தாய் என்று நான் சொல்ல மாட்டேன். தையலைப் பற்றியும் கேட்டோம். எல்லாருக்கும் போடுவதில்லை, தேவைப்பட்டால் மட்டும், சொல்லிவிட்டுத்தான் செய்வோம் என்றார். எனக்கு 2011 ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது.

பழைய பால் கணக்கு நோட்டை அவளிடம் கொடுத்திருந்தேன். என் கேள்விகளுக்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒன்று இருந்தது. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, நோட்டை அப்படியே டாக்டர் பக்கம் திருப்பி வைத்தாள். 'அக்கா உள்ளே வரலாமா?'

வரலாம், ஆனால் நர்ஸ்களோடு சண்டை போடக்கூடாது என்றார் டாக்டர், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

- ஒரு வாசகி, பழநி.