ஏரி நீரில் படியும் பச்சை ஏடு: உரச்சத்தும் பாசியின் நஞ்சும்

கோடையில் ஏரி குளங்களின் ஜலம் வற்றிச் சூடேறுங் காலத்தில், பச்சை வர்ணத்தைக் கரைத்து ஊற்றினாற்போல மேற்பரப்பில் ஓர் ஏடு படிவதைக் குடியானவர்கள் யாவரும் கண்டிருப்பர். சென்ற கோடையில் ஒரு கிராமத்தில் இத்தகைய ஏட்டினிடையே மாடுகள் நீர் அருந்துவதைக் கண்டு நான் தடுத்தபோது, முதிய விவசாயி ஒருவர், "நீலப்பச்சைப் பாசி நெல்லுக்கு உரம் என்று தங்கள் இலாகாவினரே கூறினீர்களே ஐயா; மாட்டுக்கு மட்டும் அது தீங்காகுமோ?" என்று வினவினார். நியாயமான கேள்வி. அதற்கு விடையாகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

நெல் வயலில் வாழும் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கிரகித்து மண்ணை வளப்படுத்துகின்றன என்பதை 1939-ல் பி. கே. டே என்னும் இந்திய விஞ்ஞானி எடுத்துக்காட்டினார். ஆனால் ஏரிகளில் அடிக்கடி ஏடாகப் படிவது மைக்ரோசிஸ்டிஸ் என்னும் வேறோர் இனம். இதற்கு அச்சக்தி இல்லை. வேண்டிய தழைச்சத்தை நீரிலிருந்தே பெறவேண்டும். இதன் வகைகளிற் பல, கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சை உண்டாக்கும், சில உண்டாக்குவதில்லை. எது நஞ்சுடையது என்று கண்ணாற் பார்த்து அறிய இயலாது.

பாசி பெருகுவது எதனால்? 1973-ல் கனடா தேசத்தில் ஓர் ஏரியைத் திரையிட்டு இரு பாகமாகப் பிரித்தனர். ஒரு பாகத்தில் கரிச்சத்தும் தழைச்சத்தும் இடப்பட்டன. மற்றதில் இவற்றுடன் மணிச்சத்தாகிய பாஸ்பரஸும் சேர்க்கப்பட்டது. மணிச்சத்துப் பெற்ற பாகமே பாசி மூடிப் பச்சையாயிற்று. ஆகவே ஏடு எவ்வளவு பெருகும் என்பதைப் பெரும்பாலும் மணிச்சத்தே நிர்ணயிக்கின்றது.

அவ்வேடு எவ்வளவு நஞ்சுடையது என்பது வேறு விஷயம். மைக்ரோசிஸ்டின் நைட்ரஜன் மிகுந்த பொருள். நீரில் தழைச்சத்து தாராளமாயிருக்கும்போது பாசி நஞ்சை மிகுதியாக உண்டாக்கும். அது தீருங்கால், ஏடு இருப்பினும் நஞ்சு குறையும். அமெரிக்காவின் ஈரி ஏரியில் நடந்த ஆராய்ச்சிகளால் இது விளங்கிற்று. மௌமீ நதி வழியாக மக்காச்சோளம், சோயா வயல்களின் உரச்சத்து அவ்வேரியிற் கலக்கின்றது. 2014 ஆகஸ்டில் அங்கு பாசி நஞ்சு குடிநீரிற் கலந்தமையால், டொலீடோ நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த நான்கு லட்சம் மக்களுக்கு மேல் ஏறக்குறைய மூன்று நாள் குழாய் நீரைக் குடிக்கலாகாதென எச்சரிக்கப்பட்டனர்.

கால்நடைகளுக்கு அபாயம் இன்னும் அதிகம். ஏடு நீரில் மிதப்பதால், காற்று அதனைத் தள்ளி ஒரு கரையில் தடிப்பாக ஒதுக்கிவிடும். ஆஸ்திரேலியாவின் அலெக்ஸாண்ட்ரினா ஏரியில் மற்றொரு வகை நீலப்பச்சைப் பாசி அவ்வாறு ஒதுங்கிய இடத்தில் நீர் அருந்திய ஆடுகளும் குதிரைகளும் மாண்டன என்று 1878-லேயே எழுதப்பட்டுள்ளது.

ஆதலின் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. மழைக்குறி தோன்றும்போது யூரியா இடலாகாது. பல தவணையாகப் பிரித்து இடுக. இட்டபின் சில நாள் வயல் நீரை வெளியே வடிக்காதிருத்தல் வேண்டும்.

2. மண் பரிசோதனை செய்த பின்னரே சூப்பர் பாஸ்பேட் இடுக. மணிச்சத்து மண்ணோடு ஒட்டிச் செல்வதாகையால், வரப்பைப் பலப்படுத்தி, வாய்க்கால் ஓரங்களில் புல் வளர விடுக.

3. எருக்குழியும் மாட்டுத்தொழுவமும் ஏரியின் நீர்வரத்திற்கு அப்பால் இருத்தல் நலம்.

4. பச்சை ஏடு கண்ட ஏரியில் மாடுகளை இறக்காமல், கிணற்று நீரைத் தொட்டியில் நிரப்பிக் காட்டுக.

5. மயில்துத்தம் இட்டுப் பாசியைக் கொல்ல முற்படலாகாது. பாசி மடியுங்கால் அதனுள் அடங்கிய நஞ்சு முழுதும் நீரிற் கலந்துவிடும். அந்நீரைக் காய்ச்சினாலும் நஞ்சு நீங்காது.

கிராம அதிகாரிகள் ஏடு தோன்றியவுடன் ஊராருக்கு அறிவித்து, கால்நடை மருத்துவருக்கும் சுகாதார அதிகாரிக்கும் தகவல் தருதல் கடமையாகும்.

மணிச்சத்தை மட்டும் தடுத்துத் தழைச்சத்தை ஓடவிட்டாலும், தழைச்சத்தை மட்டும் தடுத்து மணிச்சத்தை ஓடவிட்டாலும் பாதி வேலையே முடிந்ததாகும். இரண்டும் நாம் பணங் கொடுத்து வாங்கியவை. வயலில் நின்றால் அவை நெல்லாகும். ஏரிக்கு ஓடினால் நம் மாட்டுக்கே நஞ்சாகும்.