‘டோஸ் இன்புட் 2’ என்றால் என்ன?

1986 மார்ச்சில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊரின் புற்றுநோய் மருத்துவமனையில், தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம் சிகிச்சையின் நடுவே நின்றது. ‘மால்ஃபங்ஷன் 54’ என்று திரையில் எழுத்து வந்தது. இயக்குபவருக்குத் தரப்பட்ட கையேட்டில் இந்த எண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இயந்திரத்தோடு வந்த வேறொரு குறிப்பில் 54-க்கு எதிரே ‘டோஸ் இன்புட் 2’ என்று மட்டும் இருந்தது. கதிர்வீச்சு குறைவாகவே போயிருப்பதாகத் திரை காட்டியது. இப்படிச் சின்னச் சின்னத் தடங்கல்கள் அந்த இயந்திரத்தில் அடிக்கடி வரும் என்பதால், இயக்குபவர் வழக்கம்போல் ‘தொடர்க’ என்பதற்கான விசையை அழுத்தினார். ஆனால் முதல் முறையே அளவுக்குப் பல மடங்கு மிஞ்சிய கதிர்வீச்சு நோயாளியின் உடலில் இறங்கியிருந்தது. மூன்று வாரம் கழித்து அதே மருத்துவமனையில், அதே எண், இன்னொரு நோயாளி. இருவருமே இறந்துபோனார்கள். கொடுத்த அளவு மிகக் குறைவு, அல்லது மிக அதிகம் என்பதுதான் ‘டோஸ் இன்புட் 2’-க்குப் பொருள் என்று தயாரித்த நிறுவனத்தின் ஆள் பிற்பாடு சொன்னார். அந்த ஒரு வரியை யாரும் கையேட்டில் எழுதியிருக்கவில்லை.

நாற்பது ஆண்டுக்கு முந்தைய அந்தச் சம்பவம் இன்று நினைவுக்கு வரவேண்டிய காரணம் இருக்கிறது. இயந்திரத்துக்கும் மென்பொருளுக்கும் கையேடு எழுதுவது தனித்தொழில். சென்னை, பெங்களூர் நிறுவனங்களில் டெக்னிக்கல் ரைட்டர் என்ற பெயரில் பலர் இதைச் செய்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு, இந்த வேலையைக் கணினியே பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சு வலுத்துவிட்டது. முதல் வரைவு, சுருக்கம், மொழிபெயர்ப்பு, பழைய பக்கங்களைப் புதுப்பிப்பது ஆகியவற்றைப் பொறுத்தவரை அந்தப் பேச்சில் உண்மை நிறையவே உண்டு. ஆனால் எழுதுவது போனால் தொழிலே போயிற்று என்று கணக்குப் போடுவது தவறு. கையேட்டின் உயிரான வரிகள் எழுத்துத் திறமையால் வருவதில்லை. எங்கும் பதிவாகாமல் பொறியாளரின் மனத்தில் மட்டும் கிடப்பதை ஒருவர் போய்க் கேட்டு வாங்குவதால் வருகின்றன.

கணினி இந்தத் துறைக்குள் நேற்று நுழைந்ததல்ல. மாண்ட்ரியல் பல்கலைக்கழகக் குழு ஒன்று உருவாக்கிய ‘மெட்டியோ’ என்ற நிரல், கனடாவின் வானிலை அறிக்கைகளை 1977 முதல் ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றி, கால் நூற்றாண்டுக் காலம் உழைத்தது. மேகம், மழை, காற்று என்று அந்த அறிக்கைகளின் சொற்கள் குறைவு. வாக்கியங்களும் தந்திபோலச் சுருக்கமானவை. அதே குழு அடுத்து விமானப் பராமரிப்புக் கையேடுகளில் கை வைத்தது. அந்த முயற்சி 1981-இல் நிறுத்தப்பட்டது. பெயர்ச்சொற்கள் ரயில்பெட்டிபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும் கையேட்டு ஆங்கிலம் அதற்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. நம் இலக்கணத்தில் உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பார்களே, அந்தச் சிக்கல்தான். ‘இடது பம்ப் அழுத்த வால்வு’ என்றால் இடப்பக்கம் இருப்பது பம்பா, வால்வா? விமானத்தைப் பார்த்தவருக்கு அது தெரியும், சொற்களை மட்டும் பார்த்த நிரலுக்குத் தெரியாது. விமானத் துறையினரோ மொழியையே கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 1980-களில் அவர்கள் வகுத்த எளிய ஆங்கிலத்தின் அகராதியில் இன்று சுமார் 900 சொற்கள்தான். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளைதான். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மெக்கானிக்குக்காகச் செய்த அந்த ஏற்பாடு கணினிக்கும் வசதியாக அமைந்தது.

இன்றைய மொழி மாதிரிகளுக்கு அந்தத் தொகைச் சிக்கல் பெரும்பாலும் தடையாக இல்லை. மொழி என்ற சுவர் விழுந்துவிட்டது என்றே சொல்லலாம். விழுந்தபிறகுதான் அதற்குப் பின்னால் இருந்த இன்னொரு சுவர் கண்ணுக்குத் தெரிகிறது. 1990-களின் நடுவில் ஜாவா மொழியோடு ‘ஜாவாடாக்’ என்ற கருவி வந்தது. நிரலுக்குள் எழுதியிருக்கும் குறிப்புகளைத் திரட்டி அது பக்கங்களாக்கித் தரும். காத்திருப்பு நேரத்துக்கு வரம்பு வைக்கும் ‘செட் டைம்அவுட்’ என்ற கட்டளைக்கு எதிரே ‘டைம்அவுட்டை செட் செய்கிறது’ என்று விளக்கம் இருப்பதைப் பார்க்காத நிரலாளர் குறைவு. இன்றைய மாதிரி இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. நிரலைப் படித்து, எண் நொடியா மில்லிநொடியா, சுழி கொடுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் சொல்லிவிடும். ஆனால் 30 என்று வைத்தது ஏன், இணையம் மெதுவான ஊரில் எவ்வளவு வைக்கவேண்டும், குறைத்தால் எந்த வாடிக்கையாளரின் பணம் இருமுறை போய்விடும் என்பவை நிரலில் இல்லை. இல்லாததை மாதிரி படிக்க முடியாது. ‘டோஸ் இன்புட் 2’ நிரலுக்குள்ளிருந்து எழுந்த சொல். ‘மிக அதிகமாகவும் இருக்கலாம், தொடராதே’ என்பது கட்டிலில் படுத்திருக்கும் ஆளை நினைத்தால் மட்டுமே எழக்கூடிய வரி.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாக எழும். தெராக் கையேட்டை எழுதியவர்களும் மனிதர்கள்தானே? 737 மேக்ஸ் விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் மென்பொருளைப் பற்றி விமானிகளின் கையேட்டில் விளக்காமல் விட்டதும் மனிதர்கள் எடுத்த முடிவுதான். 2018-இலும் 2019-இலும் நடந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் மாண்டார்கள். மனிதர் கையில் இருந்தால் கையேடு பிழையற்றதாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. தெராக், மேக்ஸ் இரண்டிலும் நேர்ந்தது எழுத்துப் பிழை அல்ல, பயன்படுத்துபவருக்காகக் கேட்கப்பட்டிருக்கவேண்டிய கேள்விக்குப் பதில் பக்கத்தில் ஏறாமல் போனதுதான். கேட்பதற்காகவே சம்பளம் வாங்கும் ஆளை, பக்கங்கள் தாமாக வந்துவிடுகின்றன என்ற காரணத்துக்காக எடுத்துவிட்டால், அந்தப் பிழை கூடுமே தவிரக் குறையாது.

ஆவணமே இல்லாத மென்பொருளுக்கு அரைகுறை ஆவணமாவது கிடைக்கிறதே என்பது அடுத்த வாதம். சிறிய குழுக்களைப் பொறுத்தவரை இதை முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கவலை வேறொன்று. ஜாவாடாக்கின் வெற்றுப் பக்கம் தன் வறுமையை மறைக்கவில்லை. படித்தவர் உடனே பக்கத்து மேசைக்குப் போய்க் கேட்டார். இன்றைய வரைவு தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே சரளத்தோடு எழுதுகிறது. ஐந்தாவது படியை யாராவது செய்து பார்த்தார்களா என்பது நடையிலிருந்து தெரியவே தெரியாது. தொழிலும் இதற்கேற்ப இடம் மாறுகிறது. எழுதும் நேரம் குறைந்து, சரிபார்க்கும் நேரம் கூடுகிறது. இதிலும் ஓர் இழப்பு உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் சின்னச் சின்ன விளக்கப் பக்கங்களை எழுதும் சாக்கில்தான் பொறியாளர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கப் பழகினார்கள். அந்தப் பக்கங்கள் கணினிக்குப் போய்விட்டால், நாளை கேட்கத் தெரிந்தவர் எங்கிருந்து வருவார் என்பதற்கு நிறுவனங்கள் இப்போதே வழி தேடியாகவேண்டும்.

விமானக் கையேடுகளுக்கான எஸ்1000டி என்ற தரநிலையில் ஒரு வழக்கம் உண்டு. கையேட்டின் ஒவ்வொரு கூறும் தன்னுடைய சரிபார்ப்பு நிலையைத் தன்னோடு சுமந்து வரும். இன்னும் பார்க்கவில்லை, மேசையில் வைத்துப் படித்துப் பார்த்தது, விமானத்தின் மீதே செய்து பார்த்தது என்று அதில் பிரித்துக் குறிக்கலாம். மருத்துவக் கருவிக்கும் வங்கிச் செயலிக்கும் கணினி எழுதித் தரும் பக்கங்களின் தலையில் இப்படி ஒரு குறி இருக்கட்டும், செய்து பார்த்தவரின் பெயரும் தேதியும் கூட இருக்கட்டும்.