எத்தனை பர்சென்ட்?

எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. பயராபீஸ்தான். தீப்பெட்டி செய்கிற இடம் தீப்பெட்டி ஆபீஸ். "அக்கா ஆபீசுக்குப் போயிருக்கு" என்று சிவகாசியிலோ தாயில்பட்டியிலோ ஒரு பிள்ளை சொன்னால், அந்த அக்கா எங்கோ ஒரு சின்ன அறையில் தரையில் உட்கார்ந்து திரி செருகிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

வேலை நேரத்தில் திடீரென்று ஜன்னல் அதிரும். தெருவே வாசலுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்க்கும். "எந்த ஆபீசு?" என்பது முதல் கேள்வி. "நம்ம ஆளு யாரும் உள்ள இருக்காகளா?" என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வியைச் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் கேட்பார்கள்: "எத்தனை பர்சென்ட்?" உடம்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு வெந்திருக்கிறது என்று பொருள். அந்த எண்ணைக் கேட்டதுமே எங்கள் பெண்களுக்கு மிச்சம் புரிந்துவிடும்.

பிழைத்து வீடு திரும்பியவரிடம் பல மாதம் கழித்து அதே கேள்வி மறுபடி வரும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான மருத்துவ முகாமில். இந்த முறை எண்ணுவது எத்தனை பங்கு செயலிழந்தது என்பதை. நாற்பது என்று எழுதினால் சட்டத்தின் சலுகைகள் பலவும் வரும். முப்பத்தெட்டு என்றால் பெரும்பாலானவை வராது. முதல் எண் குறைய வேண்டும் என்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட அதே தாய், இரண்டாவது எண் கூட வேண்டும் என்று வரிசையில் நின்று வேண்டிக்கொள்கிறாள்.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதையை இந்த வட்டாரத்தில் சொல்லாதவர் இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1920இல், சிவகாசி நகராட்சி ஆகியிருந்தது. நகராட்சிகளுக்கான சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. காது கேளாத, வாய் பேசாதவர்களும் தொழுநோய் கண்டவர்களும் மன்ற உறுப்பினராகத் தகுதியற்றவர்கள் என்ற விதி அதில் இருந்தது. அது நீங்கி அதிக காலம் ஆகவில்லை. வாறுகால் வெட்டுவதும் விளக்குப் போடுவதும் குழாய் வைப்பதும் நகராட்சி வேலை. நடக்க முடியாதவர் அந்த வாறுகாலை எப்படித் தாண்டுவார் என்பது அந்த வேலைக்குள் அடங்காது. பார்வையில்லாத, காது கேளாத பிள்ளைகளுக்குப் பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிஷன்காரர்கள் தொடங்கிய பள்ளிகள் இருந்தன. சாத்தூரும் சிவகாசியும் 1910 வரை திருநெல்வேலிச் சீமையாகவே இருந்ததால் அந்தப் பாதை பழக்கமானது. மற்றவர்களுக்கு வீட்டுத் திண்ணைதான். பெயர்கூட மிஞ்சாது. "நொண்டி வீட்டுக்கு அடுத்த வீடு" என்று விலாசம் சொல்வதை நானே கேட்டு வளர்ந்தேன். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. அது தவறு என்று சொல்ல யாரும் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரு சித்தி இருந்தார். உறவு கிடையாது, எல்லாரும் சித்தி என்றுதான் கூப்பிடுவோம். பயராபீஸ் மருந்து அறையில் தீப்பிடித்தபோது முகத்தை மறைத்த இரண்டு கைகளும் வெந்துபோயின. புண் ஆறியது. ஆறும்போது தோல் சுருங்கி விரல்களை உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டது. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் குடத்தின் கழுத்தைக் கொடுத்துத் தூக்குவார், ஒரு சொட்டுச் சிந்தாது. தெருக்குழாயைத் திருக மட்டும் முடியாது. குடத்தை வைத்துவிட்டு நிற்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் எங்களில் யாரையாவது பார்த்து, "கொஞ்சம் திருகி விடு தாயி" என்பார். ஊருக்கே தண்ணீர் தந்த நகராட்சிக் குழாய் அவருக்கு மட்டும், ஒரு பிள்ளை வரும்வரை, மூடியே இருந்தது.

வெந்த புண்ணில் இரண்டாவது ஊனம் இப்படித்தான் வருகிறது. முதல் நாள் தீயோடு முடிவதில்லை. புண் ஆறும் மாதங்களில் மூட்டை நீட்டிக் கட்டி வைத்து, தினமும் பயிற்சி கொடுத்தால் இந்தச் சுருக்கத்தைப் பெருமளவு தடுக்கலாம். அந்தக் காலத்தில் பயிற்சி என்றால் மதுரை. கூட ஒரு ஆள் போக வேண்டும், அவருடைய கூலி போகும், பஸ் காசு போகும். இரண்டு வாரம் போவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். பல கைகள் மூடிக்கொண்டது மதுரைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த அந்தத் தூரத்தால்தான்.

அந்தத் தூரம் இன்று குறைந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டுக்கே வருகிறார். விருதுநகரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் டிக்கெட் இல்லை. மாதாந்திர உதவித்தொகை 2023 ஜனவரியில் உயர்ந்து, கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான பராமரிப்புத் தொகை 2,000 ரூபாய் ஆனது. "ஊனமுற்றோர்" என்று அரசு எழுதிவந்த இடத்தில் கலைஞர் ஆட்சியில் 2010இல் "மாற்றுத்திறனாளி" வந்தது. பெயரை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று அப்போது கேட்டவர்களில் நானும் ஒருவன். தப்புக் கணக்கு. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்கள் தங்களை அந்தச் சொல்லால்தான் சொல்லிக்கொள்கிறார்கள், தலை நிமிர்ந்து.

சட்டமும் வளர்ந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைச் சொன்னது, 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொன்றைச் சொல்கிறது. அதில் அமிலவீச்சுக்கு ஆளானவர்களுக்குத் தனி இடம் உண்டு. சரியான செயல். ஆனால் வன்முறையாக வீசப்பட்ட அமிலத்தால் உருச் சிதைந்தவர் என்றுதான் விளக்கம் இருக்கிறது. பட்டாசின் மணிமருந்து வெடித்து முகம் சிதைந்த வெம்பக்கோட்டைப் பெண்ணுக்கு அந்தத் தலைப்பில் இடமில்லை. விரல் மடங்குகிறதா, கழுத்து திரும்புகிறதா என்று பார்த்து, இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில்தான் எண் போட வேண்டும். கழுத்து திரும்பிவிட்டால் முகத்துக்கு எண் இல்லை.

முதல் பர்சென்ட்டிலும் இதே வழக்குத்தான். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் பயராபீஸ் வெடித்து ஏறக்குறைய நாற்பது பேர் போனார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். அச்சங்குளத்துக்குப் பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இழப்பீட்டுக்குப் படி வைத்தது: பாதி உடம்புக்கு மேல் வெந்திருந்தால் 15 லட்சம், இருபத்தைந்திலிருந்து ஐம்பது என்றால் 10 லட்சம், ஐந்திலிருந்து இருபத்தைந்து என்றால் 5 லட்சம். உயிருக்கு ஆபத்து எவ்வளவு என்று அளக்க அது நல்ல கணக்கு. ஆனால் ஒருவருடைய உள்ளங்கை, விரல்களோடு சேர்த்தே, அவர் உடம்பில் ஏறக்குறைய ஒரு பர்சென்ட்தான். இரண்டு கையும் வெந்து, திரி செருகவோ குழம்பு தாளிக்கவோ முடியாமல் போனவர் இந்தக் கணக்கில் கீழ்ப்படியிலேயே நிற்பார். லைசென்ஸ் இல்லாத இடத்திலோ வீட்டிலோ வேலை பார்த்து வெந்தவருடைய பெயர் எந்த ஆபீஸ் பதிவேட்டிலும் இருக்காது. அவர் எந்தப் படியிலும் நிற்க முடியாது.

எண்களை விட்டு உள்ளாட்சி அலுவலகங்களைப் பார்ப்போம். ஒரு நகரத்து அலுவலகம், பெயர் வேண்டாம். வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் அரையடி. பக்கத்தில் ஒரு சாய்தளம், மஞ்சள் பெயின்ட் அடித்து, சக்கர நாற்காலிப் படம் வரைந்து. ஒரு அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. இங்கே ஒன்றரை அடி உயரம், பதினெட்டு அடி இருக்க வேண்டும். நான் காலால் அளந்து பார்த்தேன், ஏழடிக்கு மேல் இல்லை. கைப்பிடியும் கிடையாது. அதில் ஏற இரண்டு பேர் தள்ள வேண்டும். தள்ள இரண்டு பேர் இருந்தால் படியிலேயே தூக்கிவிடலாம். உள்ளே மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு கழிப்பறை. கதவு அகலம், பிடிமானக் கம்பி நன்றாக இருந்தது. குழாயைப் பார்த்தேன். திருகுகிற குழாய். சித்திக்காக நாங்கள் திருகிவிட்ட அதே வகை.

முழங்கையால் தட்டினால் திறக்கும் நீளக் கைப்பிடிக் குழாய் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. அதைப் போடப் பெரிய நிதி வேண்டாம், மனமில்லை என்றும் சொல்ல மாட்டேன். இந்த வட்டாரத்தில் மாற்றுத்திறனாளி என்றால் கால் மட்டும் இல்லை, வெந்த கையும் உண்டு என்று அந்த வேலையைத் திட்டமிட்ட மேசையில் சொல்ல ஒருவர் இல்லை.

ரேஷன் கடையிலும் இதைக் கண்டேன். கைரேகைக் கருவியில் ஒரு பெண் விரலை வைக்கிறார், பச்சை விளக்கு எரியவில்லை. துடைத்துவிட்டு வைக்கிறார். அடுத்த விரல். வெந்து ஆறிய தோலில் ரேகை இல்லை. பின்னால் நிற்கிறவர்கள் பேசாமல் நின்றார்கள், அவருக்குத்தான் கூச்சம். வர முடியாதவர் வேறொருவரை நியமித்து வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது. ஆனால் அட்டையில் நாற்பது இல்லாதவர் அந்தப் பட்டியலில் ஏறுவது எப்படி?

இனி இதெல்லாம் நல்லெண்ணத்தை நம்பி நிற்கிற காரியம் இல்லை. அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு அனுமதியோ நிறைவுச் சான்றோ கொடுக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்த விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து வருடம் கொடுத்தது. 2017 ஜூனில் விதிகள் வந்தன, கெடு 2022இல் முடிந்தது. அணுகல் தரங்களை வெறும் வழிகாட்டுதலாக விட முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8ஆம் தேதி உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது.

திட்டமிடும் அந்த மேசையருகில் மாற்றுத்திறனாளிக்கு ஒரு நாற்காலி போடத் தமிழ்நாடு துணிந்தது, இந்த நூற்றாண்டுக் கதையில் பெரிய திருப்பம். 2025 ஏப்ரல் 16ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஊராட்சி முதல் மாநகராட்சி வரை ஒவ்வொரு உள்ளாட்சி மன்றத்திலும் மாற்றுத்திறனாளி ஒருவராவது நியமன உறுப்பினர். அதுவரை மாநிலத்தின் நகர்ப்புற மன்றங்கள் அத்தனையிலும் 35 மாற்றுத்திறனாளிகளே உறுப்பினர்களாக இருந்ததாக அன்று சொல்லப்பட்டது. சட்டம் நிறைவேறி, ஜூலையில் விண்ணப்பமும் வாங்கினார்கள். நியமன உறுப்பினருக்கு ஓட்டு இல்லை. அது குறைதான். ஆனால் பேசலாம், கேட்கலாம்.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு மாநகராட்சி, ஐந்து நகராட்சி, ஒன்பது பேரூராட்சி, 450 ஊராட்சி. ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. பயராபீஸ்கள் அதிகம் இருப்பது சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி ஒன்றியத்துக் கிராமங்களில்தான். புதிய மன்றங்கள் அமையும்போது அங்கேயும் அந்த நாற்காலி வந்தாக வேண்டும்.

நியமனம் செய்யும் அதிகாரிகளிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். இந்த மூன்று ஒன்றியங்களில் வரும் இடங்களில் சிலவற்றையாவது பட்டாசில் கை வெந்த பெண்களுக்குக் கொடுங்கள். விண்ணப்பிக்க அவர்களாக வரமாட்டார்கள், முகாமில் சொல்லுங்கள், வீடு தேடிப் போய்ச் சொல்லுங்கள். பதவி ஏற்கும் நாளில் பதிவேட்டில் கைரேகை கேட்காதீர்கள்.