மூளைச் சவ்வில் பங்கசு: உயிர் பிழைப்பைத் தீர்மானிப்பவை

மூளையையும் முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணையும் மூன்று சவ்வுகள் போர்த்தியிருக்கின்றன. அவற்றின் இடையே தெளிந்த பாய்பொருள் ஒன்று நிரம்பியிருக்கும். இந்தச் சவ்வுகளில் கிருமி தொற்றி அழற்சி உண்டாவதே மூளைச்சவ்வழற்சி. பொதுவழக்கில் மூளைக்காய்ச்சல் என்பார்கள். வைரசுகளாலும் பக்ரீரியாக்களாலும் இது வருவதுண்டு. பங்கசுக்களால் வருவது அரிது. வந்துவிட்டால் இறப்பு வீதம் மிக அதிகம். பக்ரீரியா வகை ஓரிரு நாளில் ஆளைச் சாய்த்துவிடும். பங்கசு வகை பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல முற்றும். தலையிடி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், சத்தி, கழுத்து விறைப்பு, பார்வை மங்கல், தடுமாற்றம் என்று அறிகுறிகள் ஒவ்வொன்றாகச் சேரும். பனடோலுக்குச் சற்றே அடங்கும் தலையிடியைப் பெரிதாக எடுக்காமல் விடுவதால் சிகிச்சைக்குரிய நல்ல நாட்கள் கழிந்துவிடுகின்றன.

இலங்கையில் இந்த நோய் 2005ஆம் ஆண்டு பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. அவ்வாண்டு ஜூன், ஜூலை மாதங்களில் கொழும்பில் உள்ள இரண்டு வைத்தியசாலைகளில் சிசேரியன் மூலம் பிள்ளை பெற்ற ஐந்து தாய்மார் மூளைச்சவ்வழற்சிக்கு ஆளாயினர். ஐவருக்கும் நாரிப் பகுதியில் முள்ளந்தண்டு விறைப்பு ஊசி போடப்பட்டிருந்தது. ஐவரும் அதற்கு முன் ஆரோக்கியமாக இருந்தவர்கள். நோய்க்குக் காரணம் அஸ்பர்ஜிலஸ் பியூமிகேற்றஸ் என்ற பூஞ்சண வகைப் பங்கசு என்பது பின்னரே தெரியவந்தது. மூவர் இறந்தனர். பிழைத்த இருவருக்கும் வொரிகொனசோல் என்ற பங்கசு எதிர்ப்பு மருந்து கொடுக்கப்பட்டிருந்தது.

விசாரணை மருந்துக் களஞ்சியங்களை நோக்கித் திரும்பியது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி இலங்கைக் கரைகளைத் தாக்கியபோது வடமராட்சி கிழக்கு, முல்லைத்தீவு முதல் தெற்கே காலி வரை ஊர்கள் அழிந்தன. உலகெங்கிலுமிருந்து மருந்தும் மருத்துவப் பொருட்களும் குவிந்தன. அவற்றை வைக்கப் போதிய இடமில்லாததால் சிறிஞ்ச் போன்ற பொருட்கள் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் தேங்கின. அப்படிக் கிடந்த சிறிஞ்சுகள் வழியாகவே பூஞ்சணம் சென்றிருக்க வேண்டும் என்று விசாரித்த வைத்தியர்கள் கருதினர். 2007இல் அவர்கள் சர்வதேச மருத்துவ சஞ்சிகை ஒன்றில் இதைச் சுனாமியின் பின்விளைவாக இருக்கலாம் என்று எழுதினர்.

அஸ்பர்ஜிலஸ் வித்திகள் காற்றில் எங்கும் உள்ளவை. ஒவ்வொருவரும் நாள்தோறும் அவற்றைச் சுவாசிக்கிறார்கள். நுரையீரலின் காவற்கலங்கள் அவற்றை அழித்துவிடுகின்றன. ஊசி வழியாக நேரே பாய்பொருளுக்குள் சென்றால் அந்தக் காவல் முழுவதும் தாண்டப்பட்டுவிடுகிறது. அங்கே முளைக்கும் பூஞ்சண இழைகள் குருதிக்கலன்களின் சுவரைத் துளைக்கும். மூளையின் அடிப்பாகத்து நாடிகள் அடைபட்டுப் பக்கவாதம் வரும், அல்லது வீங்கி வெடித்துக் குருதி கசியும். இந்தக் கட்டத்துக்குப் பின் எந்த மருந்தாலும் பெரும்பாலும் பயனில்லை. பாய்பொருளை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினாலும் பூஞ்சணம் பலமுறை அகப்படாது. ஆகவே சோதனை முடிவுக்குக் காத்திராமல், சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்குவது உயிர் காக்கும்.

உலகளவில் பங்கசு மூளைச்சவ்வழற்சியின் முதற்காரணி கிரிப்டோகொக்கஸ் என்ற மதுவ வகைப் பங்கசு. புறா எச்சம் கலந்த மண்ணில் ஓர் இனமும், மரப்பொந்துகளின் உக்கிய மரத்தில் இன்னோர் இனமும் வாழ்கின்றன. இந்தியாவில் புளியமரப் பொந்துகளிலும் இது கண்டறியப்பட்டுள்ளது. மூச்சுடன் நுரையீரலுக்குள் புகுந்து, உடலின் எதிர்ப்பு குன்றும்போது மூளைக்குப் பரவும். எச்.ஐ.வி. தொற்று முற்றியவர்களே அதிகம் பாதிக்கப்படுகின்றனர். 2020ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி எச்.ஐ.வி. உள்ளோரில் சுமார் 1,52,000 பேருக்கு இந்நோய் வந்தது. சுமார் 1,12,000 பேர் இறந்தனர். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றோர், நீண்டகாலம் பிரெட்னிசொலோன் என்ற ஸ்ரெரொயிட் மருந்தை எடுப்போர் ஆகியோரையும் இது தாக்கும். அரிதாக முழு ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். எவரும் எதிர்பாராததால் அவர்களில் நோய் பிந்தியே பிடிபடுகிறது.

வைத்தியசாலைக்கு வரும் வேளையில் நோயாளியின் நிலை எப்படி என்பதே பிழைப்பை முன்கூட்டிக் காட்டும் வலுவான அடையாளம். சுயநினைவு குழம்பிய நிலையில் வருபவர்களை விட, தெளிவாகப் பேசும் நிலையில் வருபவர்கள் பிழைக்கும் வாய்ப்பு பெரிது. பாய்பொருளில் பங்கசின் அளவு மிகுந்திருப்பதும், மருந்து தொடங்கிய பின் அது மெதுவாகக் குறைவதும் கெட்ட அறிகுறிகள். எதிர்ப்புக் கலங்கள் பாய்பொருளில் மிகக் குறைவாக இருப்பதும் அவ்வாறே.

அடுத்தது மண்டையோட்டுக்குள் ஏறும் அமுக்கம். கிரிப்டோகொக்கசைச் சுற்றியுள்ள பசை போன்ற உறை, பாய்பொருள் குருதிக்குள் வடியும் வழிகளை அடைத்துவிடுகிறது. தாங்க முடியாத தலையிடியும் பார்வை இழப்பும் இதனால் வருபவை. நாரியில் ஊசி செலுத்தி அமுக்கத்தை அளந்து, 25 சென்ரிமீற்றர் நீர் அமுக்கத்தை எட்டினால் அது 20க்குக் கீழ் வரும்வரை பாய்பொருளை வடிப்பார்கள். தேவையானால் நாள்தோறும் இப்படிச் செய்வார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. ஆனால் முள்ளந்தண்டில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயத்தில் உறவினர் சம்மதிக்க மறுப்பதுண்டு. அந்த மறுப்பு நோயாளியின் உயிருக்கே உலைவைக்கும்.

மருந்துகளில் அம்போதெரிசின் பி, புளூசைற்றோசின், புளூகொனசோல் ஆகிய மூன்றும் முதன்மையானவை. அம்போதெரிசின் சிறுநீரகத்தைத் தாக்கும். குருதியில் பொற்றாசியத்தைக் குறைக்கும். அதை வாரக்கணக்கில் ஏற்றுவது கடினம். ஆபிரிக்காவின் ஐந்து நாடுகளில் 800க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் செய்யப்பட்டு 2022இல் வெளியான ஆய்வு இதற்கு வழி காட்டியது. கொழுப்புத் துணிக்கைகளில் அடைத்த அம்போதெரிசினை ஒரேயொரு முறை பெருமளவில் ஏற்றி, மற்ற இரு மருந்துகளையும் இரு வாரம் கொடுத்தபோது பத்து வாரத்தில் 24.8 சதவீதத்தினர் இறந்தனர். பழைய முறையில் 28.7 சதவீதத்தினர். பக்கவிளைவுகளும் குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் இப்போது இம்முறையையே முதலாவதாகப் பரிந்துரைக்கிறது.

நல்லதெனக் கருதப்பட்ட இரு சிகிச்சைகள் ஆபத்தாக முடிந்ததையும் ஆய்வுகள் காட்டின. எச்.ஐ.வி. மருந்தை உடனே தொடங்கினால், விழித்தெழும் எதிர்ப்புச் சக்தி மூளையில் அழற்சியைப் பெருக்கிவிடுகிறது. உகண்டா, தென்னாபிரிக்கா நோயாளிகள் மீதான 2014 ஆய்வில், ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கியவர்களில் 70 சதவீதத்தினரும், உடனே தொடங்கியவர்களில் 55 சதவீதத்தினரும் அரையாண்டின் பின் உயிருடன் இருந்தனர். மற்றது, அழற்சியைத் தணிக்கும் ஸ்ரெரொயிட் மருந்தான டெக்சாமெதசோன். அதைக் கொடுத்தவர்களில் தீங்கே மிகுந்ததால் 2016இல் வெளியான ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டது. காசநோய் மூளைச்சவ்வழற்சியில் அதே மருந்து நன்மை செய்கிறது. இரு நோய்களின் அறிகுறிகளும் ஒன்றுபோல் இருப்பதால், பங்கசைக் காசநோயென்று மாறி எண்ணினால் சரியான மருந்து பிந்துவதோடு தவறான மருந்தும் சேர்ந்துவிடும்.

நோய் பரவலை விரைவாக இனங்காண்பதும் உயிர்களைக் காக்கும். 2012இல் அமெரிக்காவில் பங்கசு கலந்து மாசடைந்த ஸ்ரெரொயிட் ஊசிமருந்தால் 20 மாநிலங்களில் 753 பேர் நோயுற்றனர்; 64 பேர் இறந்தனர். ஊசி போட்டுக்கொண்ட ஏறத்தாழ 14,000 பேரைத் தேடி அறிவித்ததால் பலருக்கு ஆரம்பத்திலேயே மருந்து கிடைத்தது. மெக்சிக்கோவின் துராங்கோ நகரில் 2022இல் விறைப்பு ஊசி வழியாகப் பியூசாரியம் என்ற பங்கசு பரவியபோது, நோயுற்ற ஏறத்தாழ 80 பேரில் பாதியளவானோர் இறந்தனர். பல மருந்துகளுக்கு அடங்காத பங்கசு அது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கவனிக்க வேண்டியவர்கள் யார் என்பது இவற்றிலிருந்து தெளிவாகும். சிசேரியனுக்குப் பின் ஓரிரு நாளில் வரும் சாதாரணத் தலையிடி, எழுந்து இருந்தால் கூடும், படுத்தால் குறையும், சில நாளில் மாறிவிடும். படுத்தும் குறையாமல் காய்ச்சலோ கழுத்து விறைப்போ சேர்ந்தால் போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ உடனே செல்ல வேண்டும். விறைப்பு ஊசி போட்ட விபரத்தையும் சொல்ல வேண்டும். எதிர்ப்பு குன்றியவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் தலையிடி நீடித்தாலும் அவ்வாறே உடனே செல்ல வேண்டும். கிரிப்டோகொக்கசை ஒரு துளி குருதியிலேயே பத்து நிமிடமளவில் காட்டும் பட்டைச் சோதனை இன்று உண்டு. எச்.ஐ.வி. முற்றியோரில் தலையிடி தோன்றுமுன்பே அதைச் செய்து புளூகொனசோல் தொடங்கினால், நோய் மூளையை எட்டாமலே பலரில் தடுக்கலாம். களஞ்சியங்களில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், ஈரம் ஏறிய பொதிகளைப் பாவனைக்கு விடாமல் ஒதுக்குவதும் இத்தடுப்பின் ஒரு பகுதியே.