மீயியற்கைத் தொலைக்காட்சித் தொடர்களில் மனிதத் தீமை

முன்னுரை

பேய்களையும் வேற்றுக்கோள் உயிரிகளையும் மையப்படுத்தும் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்கள், சில வேளைகளில் எவ்வித அமானுடக் கூறுமற்ற மனிதரையே தீமையின் மூலமாக நிறுத்துகின்றன. அக்கதைகள் தீமைக்கான பொறுப்பை யார்மீது சுமத்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அண்டை வீட்டார்

‘தி ட்விலைட் சோன்’ தொடருக்காக ராட் செர்லிங் எழுதிய மேப்பிள் தெருக் கதை 1960இல் ஒளிபரப்பானது. மின்சாரம் தடைப்பட்டதும் தெருவாசிகள் தம்முள் வேற்றுக்கோளார் ஒளிந்திருப்பதாக ஐயுறுகின்றனர். இருளில் திரும்பிவரும் அண்டை வீட்டுக்காரர் சுட்டுக் கொல்லப்படுகிறார். இறுதியில் வேற்றுக்கோளார் காட்டப்படினும், அவர்கள் மின்சாரத்தையும் இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பவர்களே. கொலையோ மனிதர் செய்தது.

மாற்று இல்லாத தீமை

இவ்வகைமையில் காட்டேரிக்கு மரமுளை, ஆவிக்கு உப்பு என ஒவ்வொரு தீமைக்கும் ஒரு மாற்று உண்டு. மனிதத் தீமைக்கு அஃது இல்லை. ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ தொடரில் (2002) வாரன் என்னும் இளைஞன் சுட்ட துப்பாக்கிக் குண்டால் டாரா இறக்கிறாள். மந்திரத்தால் அவளை மீட்க வில்லோ முயலும்போது, மனிதச் செயலால் நேர்ந்த மரணம் என்பதால் அவ்வேண்டுதல் மறுக்கப்படுகிறது. காட்டேரிகளைத் தயங்காது கொல்லும் பஃபியும், வாரனை மனிதச் சட்டமே தண்டிக்க வேண்டும் என்கிறாள். மாயஉலகின் ஆற்றல், உரிமை இரண்டற்கும் இங்கு எல்லை வகுக்கப்படுகிறது.

விலக்கிவைத்தல்

எனினும், எல்லாக் கதைகளும் இத்துணிவைக் கொண்டிருக்கவில்லை. 2006இல் ஒளிபரப்பான ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரின் பெண்டர் குடும்பக் கதையில் மனிதரைக் கடத்தி வேட்டையாடுவோரும், அதே ஆண்டின் ‘டார்ச்வுட்’ கதையில் மனித இறைச்சி உண்போரும் ஒதுக்குப்புற நாட்டுப்புறத்தாராகவே படைக்கப்பட்டுள்ளனர். தீயவர் மனிதரே, ஆயினும் பார்ப்போரைப் போன்றவர் அல்லர். இதனால் கதை எழுப்பிய அச்சம் நாட்டுப்புற மக்கள்மீதான முற்சாய்வாகத் திரிகிறது.

‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ பிறிதொரு வழியை மேற்கொள்கிறது. 1995இல் முழுக்க மனிதனாக அறிமுகமான கொலைகாரன் டானி ஃபாஸ்டர், 2000இல் மீண்டும் வரும்போது பேய்த்தன்மை உடையவனாகக் குறிப்புணர்த்தப்படுகிறான். மனிதன் செய்த தீமைக்கு மீண்டும் அமானுட விளக்கம் தேடப்படுகிறது.

முடிவுரை

தீயவன் மனிதன் எனக் காட்டுவதனால் மட்டும் ஒரு கதை அறநோக்குடையதாகிவிடாது. அம்மனிதன் பார்வையாளரிடமிருந்து எவ்வளவு தொலைவில் நிறுத்தப்படுகிறான் என்பதே அதன் அளவுகோல். அவ்வகையில் காலத்தால் முந்திய மேப்பிள் தெருக் கதையே பார்வையாளரை மிக நெருங்கி நிற்கிறது எனலாம்.