ஒரே நிரல், இரண்டு வழிகள்

ஒரே நிரலை எழுதி ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகிய இரு இயங்குதளங்களிலும் செயலியை ஓட்ட விரும்புவோர், உலாவியின் உட்கூறு ஒன்றைச் செயலிக்குள் பொதிந்து, எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் முதலிய இணைய மொழிகளில் அமைந்த பக்கங்களை அதில் காட்டலாம். இணையதளம் அமைக்கத் தெரிந்தவர்களே இதையும் செய்துவிடலாம் என்பதால் செலவு குறையும். ஆனால், நீண்ட பட்டியல்களை உருட்டும்போது செயலி தடுமாறக்கூடும். இத்தகைய வேகக் குறைவை நீக்கவே ஃபேஸ்புக் நிறுவனம் 2012இல் தன் ஐபோன் செயலியை ஐஓஎஸ் தளத்துக்கே உரிய மொழியில் புதிதாக எழுதியது. ஒரே நிரலை விடாமலே வேகம் பெற இன்னொரு வழியும் உண்டு: அதே நிறுவனம் 2015இல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் என்னும் கட்டமைப்பு, ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டாலும் இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களையே திரையில் தோற்றுவிக்கிறது; கூகுளின் ஃபிளட்டர் கட்டமைப்போ, டார்ட் மொழி நிரலை எந்திர மொழிக்கு மாற்றி, திரை முழுவதையும் தானே வரைகிறது. ஆகவே, செய்தி, படிவம் போன்றவற்றுக்கு இணைய வழியும், அசைவூட்டம் மிகுந்த செயலிகளுக்குப் பிந்தைய வழியும் பொருந்தும்.