முதலில் ஏறுவது கேமரா

2017 ஜூன் 3. கலிஃபோர்னியாவின் யோசமிட்டி பள்ளத்தாக்கில் இன்னும் சரியாக விடியவில்லை. அலெக்ஸ் ஹானல்ட் என்ற 31 வயதுக்காரர் எல் கேப்பிடான் என்ற கிரானைட் சுவரில் கை வைத்தார். சுவரின் உயரம் சுமார் 900 மீட்டர். இடுப்பில் கயிறு இல்லை. 3 மணி 56 நிமிடத்தில் உச்சியில் நின்றார். அந்த ஏற்றத்தைப் பதிவுசெய்த ‘ஃப்ரீ சோலோ’ 2019-இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

அந்தப் படத்தில் என்னை உலுக்கிய காட்சி ஹானல்டுடையது அல்ல. அடிவாரத்தில் நீண்ட லென்ஸ் பொருத்திய கேமராவோடு மைக்கி ஷேஃபர் என்ற ஒளிப்பதிவாளர் நிற்கிறார். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. அவரோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மேலே ஏறிக்கொண்டிருப்பவர் அவருடைய நண்பர். கைப்பிடி ஒன்று நழுவினால் தன் கேமரா எதைப் பதிவுசெய்யும் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று சுவரிலும் படக்காரர்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஹானல்ட் வந்து சேருவதற்கு முன்பே தங்கள் இடத்துக்குப் போய், கயிற்றைக் கட்டி, அசையாமல் காத்திருந்தவர்கள். பாறையேற்றப் படங்களைப் பார்க்கிற யாரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்: ஏறுகிறவருக்கு முன்னால் கேமரா ஏறியிருக்கிறது. அந்தக் கேமராவைச் சுமந்தவர் எப்படி அங்கே போனார், என்ன செய்தார் என்பதே இந்தத் தொழிலின் பெரும்பகுதி. விரலால் பொத்தானை அழுத்துவது கடைசியில் வரும் சிறு வேலை.

ஏன் மேலே போக வேண்டும்? தரையில் நின்று எடுத்தால் ஆகாதா? எடுத்துப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். கீழிருந்து எடுத்தால் ஏறுபவரின் பின்புறமும் காலணியின் அடிப்பகுதியும்தான் கிடைக்கும். முகம் தெரியாது. விரல்கள் எதைப் பிடித்திருக்கின்றன என்பது தெரியாது. 50 மீட்டர் உயரம்கூடச் சுருங்கி, ஒரு மதில் சுவர் அளவுக்கு ஆகிவிடும். அதே ஆளை மேலிருந்து எடுத்துப் பாருங்கள். சுண்ணப்பொடி போல வெள்ளையாக மெக்னீசியம் கார்பனேட் பூசிய விரல்கள், பல்லைக் கடித்த முகம், அதற்கும் கீழே எறும்பு வரிசையாகப் பைன் மரங்கள். உயரம் படத்துக்குள் வந்துவிடுகிறது. பக்கவாட்டிலிருந்து எடுத்தால் பாறை எவ்வளவு வெளியே சாய்ந்திருக்கிறது என்பது விளங்கும். ஆகவே படக்காரர் மேலேயோ பக்கத்திலோ தொங்கியாக வேண்டும்.

அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வெளிப்புறம் பெயின்ட் அடிப்பவர் மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இதன் அடிப்படையும் அதுதான். பாறையின் பின்புறம் நடைபாதை இருந்தால் அதன் வழியே உச்சிக்குப் போவார்கள். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட பிடிமானங்களில் கயிற்றைக் கட்டுவார்கள். ஒன்று பெயர்ந்தாலும் மற்றவை தாங்கும்படி பாரத்தைப் பகிர்ந்து கட்டுவது முதல் விதி. பிறகு இறங்கித் தொங்குவார்கள். பின்வழி இல்லாத சுவரானால், அவர்களே ஏறிப்போய்க் கயிறு கட்ட வேண்டியதுதான்.

பாறை ஏறுபவர்கள் விழும்போது பிடித்துக்கொள்ளும் கயிறு ரப்பர் போலக் கொஞ்சம் நீளும். அதனால்தான் விழுகிற அதிர்ச்சி உடம்பில் முழுதாக இறங்குவதில்லை. படக்காரரின் கயிறு நேர் எதிர். அது அதிகம் நீளாத ‘ஸ்டாடிக்’ கயிறு. நீளும் கயிற்றில் மணிக்கணக்கில் ஏறி இறங்கினால் ஒவ்வோர் அசைவுக்கும் உடம்பு ஊஞ்சலாடும், படம் ஆடும். அதைவிட மோசமான ஆபத்து வேறொன்று உண்டு. மேலே எங்கோ கயிறு ஒரு கூர்விளிம்பில் படிந்திருந்தால், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அது ரம்பத்தில் உரசுவதுபோல் உரசிக்கொண்டே இருக்கும். தொங்குகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. எனவே விளிம்பு வருகிற இடங்களில் கயிற்றுக்கு உறை போடுவார்கள். அல்லது விளிம்புக்குக் கீழே மறுபடியும் ஒரு பிடிமானத்தில் கட்டி, பாரத்தை அங்கிருந்து தொடங்கச் செய்வார்கள்.

இறங்குவது எளிது. ஏறுவதற்கு ஒரு கருவி வேண்டும். அதன் பெயர் ஜூமர். கைப்பிடியோடு கூடிய உலோகச் சட்டம். உள்ளே பற்கள் வைத்த சிறு நாக்கு. கயிற்றில் மாட்டி மேலே தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். கீழ்நோக்கிப் பாரம் கொடுத்தால் பற்கள் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். இரண்டு ஜூமர்கள் வேண்டும். ஒன்று இடுப்புவாரோடு இணைந்திருக்கும். மற்றொன்றில் கால் வைக்கும் வளையம் தொங்கும். ஒன்றில் உட்கார்ந்து மற்றதைத் தள்ளி, அதில் எழுந்து நின்று முதலாவதைத் தள்ள வேண்டும். காலில் தளைநார் மாட்டிய பனையேறி மரத்தை அணைத்துக் காலை இழுத்து ஊன்றி எழுவாரே, ஏறக்குறைய அதே அசைவு. யூசி, மார்ட்டி என்ற இரண்டு சுவிட்சர்லாந்துக்காரர்கள் 1958-இல் உருவாக்கியது இது. இருவர் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்து ஜூமர் ஆனது. யூசி கழுகுகளை ஆராய்ந்தவர். அந்த வேலைக்காகக் கயிற்றில் ஏற வழி தேடியபோது பிறந்த கருவி, இன்று உலகெங்கும் படக்காரர்களைத் தூக்கிப்போகிறது. கழுகுக்கூட்டுக்குப் போக உருவான கருவி கழுகுப் பார்வைக்கும் உதவுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

ஏறிக்கொண்டே போகும்போது சில மீட்டர்களுக்கு ஒரு முறை கீழே தொங்கும் கயிற்றில் முடிச்சுப் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்வார்கள். இரண்டு ஜூமரும் கழன்றாலும் அந்த முடிச்சு நிறுத்திவிடும்.

இடத்துக்கு வந்தாயிற்று. இப்போது புதிய சிக்கல். செங்குத்துச் சுவரில் ஒட்டித் தொங்கினால் கீழே ஏறிவருபவரின் தலைக்கவசம் மட்டும்தான் தெரியும். சுவரைவிட்டு ஓரடி இரண்டடி வெளியே வந்தால்தான் முகம் கிடைக்கும். காலால் உந்தி வெளியே வரலாம். சிலர் கம்புகளைச் சுவரில் ஊன்றி விலகி நிற்பார்கள். வெளியே சாய்ந்த பாறையானால் கால் எங்கும் படாது. கயிற்றில் மெல்லச் சுழல ஆரம்பித்துவிடுவோம். சரியான நொடியில் கேமரா எதிர்த்திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதைத் தடுக்கப் பக்கவாட்டில் இன்னொரு கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். இத்தனையும் முடிந்து இடுப்புவாரில் இரண்டு மணி நேரம் தொங்கினால் கால் மரத்துப்போகும். அதற்காக ஊஞ்சல் பலகை ஒன்றைக் கொண்டுபோகிறவர்களும் உண்டு.

பையில் இருக்கும் எதுவும் கட்டப்படாமல் வெளியே வரக் கூடாது. கேமராவுக்கு ஒரு நாடா, லென்ஸுக்கு ஒரு நாடா. லென்ஸ் மாற்றுவதைக் கூடியவரை தவிர்ப்பார்கள். மாற்றினால் பைக்குள் கையை விட்டே மாற்றுவார்கள். 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு கிலோ லென்ஸ், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், நாலரை நொடியில் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரையைத் தொடும். கீழே இருப்பவர் ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதர். அவர் தலை கீழே இருக்கிறது என்ற நினைப்பு ஒரு கணமும் அகலக் கூடாது.

இத்தனை சிரமத்தை நூறாண்டுக்கு முன்பும் பட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் கெஸ்விக் ஊரைச் சேர்ந்த ஏப்ரஹாம் சகோதரர்கள் ஜார்ஜும் ஆஷ்லியும் 1890-களிலேயே கண்ணாடித் தகடு கேமராவைப் பாறைக்குத் தூக்கிப்போனார்கள். படம் பதியும்வரை ஏறுகிறவர் அப்படியே அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. 1961-இல் எல் கேப்பிடானின் சலாத்தே சுவரை முதன்முதலில் ஏறிய மூவரில் ஒருவர் டாம் ஃப்ராஸ்ட். ஏறும்போதே சிறிய லைக்கா கேமராவால் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் அந்தக் காலத்து யோசமிட்டியை இன்று நமக்குக் காட்டுகின்றன.

இந்தத் தொழிலுக்கு ஒரு கொள்கையைத் தந்தவர் என்று நான் நினைப்பது கேலன் ரோவெலை. கார் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். 1972-இல் கடையை விற்றுவிட்டு முழுநேரம் கேமராவைக் கையில் எடுத்தார். மறு ஆண்டே யோசமிட்டியிலுள்ள ஹாஃப் டோம் மலையின் சுவரை இரண்டு நண்பர்களோடு ஏறினார். பாறையில் ஆணி அறையாமல், பிளவுகளில் செருகி எடுக்கும் கட்டைகளை மட்டுமே நம்பி அந்தச் சுவரை ஏறிய முதல் குழு அவர்களுடையது. அந்த ஏற்றத்தில் எடுத்த படங்கள் 1974 ஜூனில் ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ இதழில் வெளிவந்தன. நிகழ்ச்சியை வெளியே நின்று எடுப்பவராக இருக்கக் கூடாது, அதில் பங்கேற்பவராக இருக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. குளிரும் பசியும் பயமும் எடுப்பவருக்கும் இருந்தால்தான் எந்த நொடியில் அழுத்த வேண்டும் என்று தெரியும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அந்த வழியில் வந்தவர்தான் ‘ஃப்ரீ சோலோ’வின் இயக்குநர்களில் ஒருவரான ஜிம்மி சின். இளமையில் பல ஆண்டுகள் காரையே வீடாக்கி, ஏறும் இடம்தோறும் சுற்றியவர். எல் கேப்பிடானில் ஒரு நாள் காலை நண்பரின் கேமராவை வாங்கி எடுத்த படம் 500 டாலருக்கு விலைபோனது. அதைக் கொண்டு சொந்தக் கேமரா வாங்கினார். 2008-இல் நம் நாட்டின் கங்கோத்ரிப் பகுதியிலுள்ள மேரு சிகரத்துக்கு இரண்டு தோழர்களோடு வந்தார். ஏழு நாள் உணவோடு இருபது நாள் தாக்குப்பிடித்தும், உச்சிக்கு 100 மீட்டர் கீழே திரும்ப நேர்ந்தது. 2011-இல் மறுபடி வந்து மூவரும் ஏறி முடித்தார்கள். ‘மேரு’ படத்தில் நாம் பார்க்கும் ஏற்றக் காட்சிகள் ஏறிய கைகளே எடுத்தவை. உறைகுளிரில் பேட்டரியின் திறன் சட்டென்று குறையும். அதனால் மலையில் பேட்டரிகளை உடம்போடு அணைத்தே வைத்திருப்பார்கள். உணவா, கயிறா, பேட்டரியா என்று கிராம் கணக்கில் பேரம் பேச வேண்டிய பயணம் அது.

பயணம் என்றதும் விமானமும் வெளிநாடும் நினைவுக்கு வரலாம். ஆனால் இந்தத் தொழிலின் பயணத்தில் பெரும்பகுதி காத்திருப்பு. பாறை எந்தத் திசையைப் பார்க்கிறது, வெயில் எத்தனை மணிக்கு அதில் ஏறும், எப்போது இறங்கும் என்று முதல் நாளே போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். பாதி வெயில், பாதி நிழல் விழுந்த சுவர் படத்துக்கு ஆகாது. மழை வந்தால் நாள் போயிற்று. இத்தனை பாடு எதற்கு, ட்ரோன் இருக்கிறதே என்பீர்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் அதற்குத் தடை. தடை இல்லாத இடத்திலும், தலைக்கு மேல் இரையும் ஒரு யந்திரம் விரல் நுனியில் உயிரைப் பிடித்திருப்பவருக்கு என்ன செய்யும் என்று யோசிக்க வேண்டும்.

இங்கேதான் இந்தத் தொழிலின் கடினமான கேள்வி வருகிறது. பார்க்க ஆள் இருக்கிறது என்பதே ஏறுபவரை மாற்றிவிடும். கேமரா இருப்பதால் இன்னும் கொஞ்சம் துணிந்து பார்க்கலாம் என்று தோன்றலாம். திரும்பிவிட வேண்டிய இடத்தில் திரும்ப வெட்கமாக இருக்கலாம். 2016-இல் ஹானல்ட் ஒரு முறை ஏறத் தொடங்கிப் பாதியில் இறங்கிவிட்டார். படக்குழு அவரைத் தள்ளவில்லை. மறு ஆண்டு, ஏற்றத்தின் மிகக் கடினமான பகுதியில் ஆளே இல்லாமல் தொலைவிலிருந்து இயக்கும் கேமராக்களை வைத்தார்கள். அவர் கண்ணில் ஒரு மனித முகமும் படக் கூடாது என்பதற்காக. நல்ல கோணம் போனாலும் பரவாயில்லை என்று விலகி நின்ற அந்த முடிவு, அவர்கள் எடுத்த எந்தக் காட்சிக்கும் குறைந்ததல்ல.

எடுப்பவரே ஏறுபவராகவும் ஆனதற்கு எடுத்துக்காட்டாக, ஆஸ்திரியாவின் ஒளிப்படக்காரர் ஹைன்ஸ் சாக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1986-இல் யோசமிட்டியில் ‘செபரேட் ரியாலிட்டி’ என்ற பாறைக் கூரையைக் கயிறில்லாமல் ஏறிய வோல்ஃப்காங் கூலிஷை அவர் எடுத்த படம், பாறையேற்ற உலகில் பலமுறை அச்சான படங்களில் ஒன்று. 2005-இல் சாக் அதே கூரையைத் தானே கயிறில்லாமல் ஏறினார்.

நம் வாசகர்களுக்கு இந்த உலகம் தொலைவில் இல்லை. கர்நாடகத்தில் ஹம்பியின் கிரானைட் உருண்டைகளுக்கும் பாதாமியின் செம்மணற்பாறைகளுக்கும் குளிர்காலத்தில் பல நாடுகளிலிருந்து பாறை ஏறுபவர்கள் வருகிறார்கள். கேமராவோடு போக ஆசையிருந்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் கயிற்று வேலையைக் காணொளி பார்த்துக் கற்காதீர்கள். தெரிந்தவர் ஒருவரோடு சில மாதங்கள் கேமரா இல்லாமல் ஏறி இறங்குங்கள். உங்கள் முடிச்சை அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு கேமராவை எடுங்கள். அதற்கும் தனியாக ஒரு நாடா கட்டுங்கள்.